உச்சி காய்ந்த மூத்த மாமரம்: கொஞ்சம் கொஞ்சமாகக் கவாத்து செய்த பதிவு

எங்கள் கொல்லை மாமரத்துக்கு உச்சி காய ஆரம்பித்துச் சில ஆண்டுகள் ஆயிற்று. நுனிக் கொப்புகள் இலை உதிர்ந்து சுள்ளியாய் நிற்கின்றன. நடுவில் அடர்த்தி குறைந்து, அண்ணாந்தால் வானம் தெரிகிறது. பெருங்கிளைகளின் முதுகிலும் அடிமரத்தின் ஒரு பக்கத்திலும் மட்டும் குச்சி குச்சியாய்த் துளிர் வெடித்திருக்கிறது. வந்து பார்த்தவர்களில் பாதிப்பேர், மரத்தின் ஆயுசு முடிந்தது, எடுத்துவிடுங்கள் என்றார்கள். மீதிப்பேர், மொட்டையடித்துவிட்டால் புதிதாய்த் தழைத்துவிடும் என்றார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. அந்தக் கீழ்த்துளிர்தான் என் மனசை மாற்றியது. சாகிற மரமும் சில நேரம் கீழே துளிர்விடும்தான். ஆனால் உச்சியை விட்டுக்கொடுத்துவிட்டு, வேருக்குப் பக்கத்தில் சின்னதாய் இன்னொரு தலையைக் கட்டிக்கொள்ளப் பார்க்கிற மரமும் இப்படித்தான் செய்யும்.

மூத்த மரத்தின் கணக்கு எளிது. அடிமரம் தொடங்கிக் கடைசிக் கொப்பு வரைக்கும் பட்டைக்கு உள்பக்கமாகப் புதுசாய் ஒரு சுற்று மரத்தை அது வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பருமன் கூடக் கூட அந்தச் சுற்றின் பரப்பும் கூடுகிறது. ஆனால் சமைத்துத் தருகிற இலையின் அளவு ஒரு கட்டத்துக்கு மேல் ஏறுவதில்லை. உச்சிக்குத் தண்ணீர் ஏற்றுவதும் தூரம் கூடக் கூடக் கடினமாகிறது. அதனால் மரமே தூரத்துச் செலவைக் குறைக்கிறது. உச்சி காய்வது இந்தச் சுருக்கத்தின் பகுதியாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் ரம்பத்தை எடுக்க வேண்டும்.

துளிர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எங்கே வெட்டுவது என்பதும் புரியும். பட்டைக்கு அடியில் உறங்குமொட்டுகள் பல ஆண்டுகள் விழிக்காமலே கிடக்கும். கிளையின் நுனியில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப்பொருள் கீழ்நோக்கி இறங்கி அவற்றை அடக்கி வைக்கிறது. 1933இல் திமன், ஸ்கூக் என்ற இருவர் ஓர் அவரை இனச் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டு அந்த இடத்தில் ஆக்சினைத் தடவிப் பார்த்தார்கள். நுனி இல்லாதபோதும் பக்கமொட்டுகள் அடங்கியே இருந்தன. 2008இல் ஸ்ட்ரைகோலேக்டோன் என்ற இன்னொரு பொருளும் இந்த அடக்கும் வேலையில் இருக்கிறது என்று தெரிந்தது. அது பெரும்பாலும் வேரில் உண்டாகி மேலே ஏறுவது. நுனியைக் குறைத்தால் மேலிருந்து வரும் தடை தளர்கிறது. இலை விலகிப் பட்டையில் வெளிச்சம் விழுந்தால் துளிர் இன்னும் எளிதாய் வரும்.

வந்த துளிர் தானே சமைத்துச் சாப்பிடும் வரைக்கும் மரத்தின் சேமிப்பில்தான் வளர்கிறது. அந்தச் சேமிப்பு மாவுப்பொருளாகக் கிளையிலும் அடிமரத்திலும் வேரிலும் இருக்கிறது. கிளையை வெட்டினால் சேமிப்பின் ஒரு பங்கும் கூடவே போகிறது. இலையும் போகிறது. இளமரம் இந்த நட்டத்தைத் தாங்கும், மூத்த மரத்துக்கு அது சிரமம். அதனால் பச்சை இலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு பருவத்தில் எடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன்.

மரம் வெட்டும் அண்ணன் வந்தபோது இதைச் சொல்லி ஒத்துக்கொள்ள வைப்பதற்கே நேரமானது.

"பாதியில நறுக்கி விட்டுருவோம் தம்பி. ஒரு மாசத்துல பாருங்க, பொசுபொசுன்னு வந்துரும்."

"வரும் அண்ணே. ஆனா ஆள் இடுப்பு கனத்துக் கிளையை நடுவில நறுக்கினா அந்த வாய் மூடவே மூடாது. உள்ள மக்கிக்கிட்டே போகும். அந்த மக்கின விளிம்புலதான் புதுக்கிளை தொங்கும். பத்து வருசம் கழிச்சு காத்தடிச்சா?"

அவர் கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்துவிட்டு, "அப்ப சின்னக் கொப்பா எடுக்கணும். வேலை ஜாஸ்தி" என்றார். உண்மைதான். இந்த முறையில் வேலை அதிகம், கீழே விழுகிற கட்டை குறைவு.

மொட்டையடிப்பது எல்லா இடத்திலும் தவறு என்று நான் சொல்லவில்லை. லக்னோவில் இருக்கும் மத்திய மித வெப்பமண்டலத் தோட்டக்கலை நிறுவனம் காய்ப்பு ஓய்ந்த பழைய மாந்தோப்புகளுக்குப் பரிந்துரைக்கும் முறையே பெருங்கிளைகளைத் தரையிலிருந்து 3 அல்லது 4 மீட்டர் உயரத்தில் குறைத்துவிட்டுப் புதுத்தலை வளர்ப்பதுதான். 40, 50 வயதான, உள்ளே கெட்டியாய் இருக்கிற தோப்பு மரங்களில் அது பலன் தருகிறது. அங்கே நோக்கம் காய்ப்பு. என் மரம் அதைவிட மூத்தது, அடியில் பொந்து விழுந்தது. எனக்கு வேண்டியது அது நின்று வாழ்வது. இங்கிலாந்தில் எப்பிங் காட்டில் நூற்றாண்டுகளாக விறகுக்காக மரங்களின் தலையை ஆளுயரத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வெட்டி வந்தார்கள். 1878இல் வந்த சட்டம் அந்த உரிமையை முடித்துவைத்தது. அப்படி வெட்டிப் பழகிய மரங்கள் வெட்டை நன்றாகவே தாங்கின. இளமையிலேயே ஆரம்பித்து, சில ஆண்டு இடைவெளியில், ஒவ்வொரு முறையும் அதே முடிச்சில் வெட்டினார்கள் என்பதுதான் காரணம். அந்த வழக்கம் நின்று நூறாண்டுக்கு மேல் போன பிறகு, பர்னம் பீச்சஸ் என்ற இடத்தில் பீச் (beech) என்ற பழைய காட்டு மரங்களைத் திரும்ப அந்த முறைக்குக் கொண்டுவர முயன்றார்கள். எல்லாக் கிளைகளையும் ஒரேயடியாக எடுத்தபோது பல மரங்கள் பிழைக்கவில்லை. கொஞ்சம் தழையை விட்டு, ஆண்டுகளைப் பிரித்துக் குறைத்தபோது நிலைமை தேறியது. நானும் அந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டேன்.

வெட்டுவதற்கு முன்

பெரும்பாலான நேரம் பார்ப்பதில்தான் போனது. காலை வெயில் சாய்வாக விழும்போது பட்டையில் விரிசலும் பள்ளமும் தெளிவாகத் தெரியும். மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டினால் கெட்டியான இடம் கணீரென்றும் பொந்தான இடம் தொம்மென்றும் ஒலிக்கும். தரையை ஒட்டிக் காளான் தட்டு ஏதாவது முளைத்திருக்கிறதா என்று மழைக்குப் பிறகும் ஒரு தடவை பார்த்தேன். அப்படி இருந்தால் வேரில் அழுகல் இருக்கலாம். அந்த மரத்தைக் கவாத்து மட்டும் செய்து விட்டுவிடக் கூடாது.

அடியில் பொந்து தெரிந்ததும் எல்லோரும் பயப்படுகிறார்கள். கணக்கு அவ்வளவு பயமுறுத்துவதில்லை. தண்டின் வளைவைத் தாங்கும் வலிமை பெரும்பாலும் வெளிச்சுற்றில்தான் இருக்கிறது. வட்டமான தண்டில் நடுவே விழுந்த பொந்தின் விட்டம் தண்டின் விட்டத்தில் பாதி என்றால், வலிமையில் குறைவது பதினாறில் ஒரு பங்குதான். பத்தில் ஏழு பங்கு பொந்தானாலும் இழப்பு கால்பங்கைத் தொடுவதில்லை. பொந்து ஓரமாக இருந்தாலோ பக்கத்தில் வாய் திறந்து விரிசல் ஓடினாலோ இந்தக் கணக்கு செல்லாது. சிலர் பொந்தில் சிமெண்ட் அடைக்கச் சொன்னார்கள். மரம் காற்றில் அசையும், சிமெண்ட் அசையாது. இரண்டுக்கும் நடுவே ஈரம் தங்கி அழுகல்தான் கூடும். பொந்தை அப்படியே விட்டேன். ஆந்தையோ கிளியோ வௌவாலோ குடியிருக்கிறதா என்று அந்தி நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைக்கிளி ஒரு ஜோடி போய்வந்தது. அந்தக் கிளையின் பக்கம் குஞ்சு பறக்கும் வரை யாரும் ஏறக்கூடாது என்று முடிவானது.

காய்ந்த நுனிகளில் இரண்டு விதம் இருந்தது. சில கொப்புகளில் இலை முறையாக உதிர்ந்து, பட்டை சுருங்கி, காய்ந்த பகுதியும் பச்சைப் பகுதியும் ஒரு கவையில் சுத்தமாகப் பிரிந்திருந்தன. இது மரமே கைவிட்டது. வேறு சிலவற்றில் பழுப்பான இலை உதிராமல் சுருண்டு தொங்கியது. பட்டையைச் சீவினால் உள்ளே பழுப்புக் கோடு கீழ்நோக்கி ஓடியது, சில இடங்களில் பிசினும் கசிந்திருந்தது. இது நுனிக்கருகல், பூஞ்சண நோய். இதை அப்படியே விட்டால் இறங்கிக்கொண்டே வரும். பழுப்பு முடியும் இடத்துக்குக் கீழே 8, 10 செ.மீ. பச்சையையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும். வெட்டுக்கு வெட்டு ரம்பத்தைச் சாராயக் கரைசலில் துடைத்தோம்.

தெற்குப் பக்கம் புல்லுருவி இரண்டு கொத்தாய்ப் பிடித்திருந்தது. அதன் இலையை மட்டும் பிய்த்தால் போதாது. மாங்கொப்புக்குள் வேர்போல இறங்கியிருக்கும் பகுதியிலிருந்து திரும்ப முளைக்கும். ஒட்டின இடத்துக்கு நன்றாகக் கீழே, கட்டையைத் துண்டித்துப் பார்த்து, உள்ளே அதன் இழை தெரியாத வரைக்கும் இறங்க வேண்டும். பழம் பழுத்துப் பறவை கொத்துவதற்கு முன் எடுப்பது நல்லது.

வெட்டு

முதல் மழை விழுந்து புதுக்கொழுந்து கிளம்புவதற்கு முன்பே வேலையை முடித்துவிட்டோம். கொழுந்து விரிகிற நேரத்தில் மரம் கையிருப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கும், அப்போது கைவைக்கக் கூடாது. அடைமழையும் ஆகாது, வெட்டுவாய் காயாமல் பூஞ்சணம் ஏறும்.

எல்லாக் கிளையையும் தொடவில்லை. நீளமாய் வெளியே நீட்டி, இலை முழுவதையும் நுனியில் சுமந்துகொண்டிருந்த கிளைகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். காற்று தள்ளுவதும் எடை இழுப்பதும் நுனியில் இருந்தால் கவையில் விழும் பளு மிக அதிகம். நுனியில் கொஞ்சம் குறைத்தாலே அடியில் நிறையக் குறையும். ஒவ்வொரு கிளையிலும் உயிருள்ள ஒரு பக்கக்கொப்பைத் தேர்ந்துகொண்டு அதுவரை பின்வாங்கினோம். அந்தப் பக்கக்கொப்பு வெட்டுகிற கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதைவிட மெல்லியதாய் இருந்தால் வெட்டுவாய்க்கு அப்பால் சாறு இழுக்க ஆளில்லாமல் கிளை பின்னோக்கிக் காயும். வெட்டுவாயின் அகலம் 10 செ.மீ. தாண்டாமலும் பார்த்துக்கொண்டோம். உள்ளே வைரம் பாய்ந்த மரத்துக்குப் புதிதாய்ச் சுவர் எழுப்பி எதிர்க்கிற சக்தி இல்லை, வெளியே இருக்கிற சாற்றுக்கட்டைக்குத்தான் உண்டு. பெரிய வெட்டு வைரத்தைத் திறந்துவிடும்.

எங்கே ரம்பம் வைப்பது என்பதில் ஒரு விரல் அகலமும் பெரிய வித்தியாசம். கொப்பு பிறக்கும் இடத்தில் அடிப்பக்கம் பட்டை லேசாகப் புடைத்து ஒரு தடிப்பு இருக்கும். மேல்பக்கம் கவைக்குள் பட்டை மடிந்து கறுத்த வரப்பாய் நிற்கும். மாமரத்தில் பட்டை சொரசொரப்பானதால் கண்ணைவிடக் கைக்குத்தான் முதலில் தெரியும். விரலால் தடவிக்கொண்டே வந்தால் கொப்பின் வரிகள் ஒரு திசையில் ஓடி, தடிப்பு தொடங்கும் இடத்தில் குறுக்காக மடிப்பு விழுந்திருக்கும். அந்த மடிப்புக்கு வெளியே, வரப்பின் வெளியோரத்திலிருந்து தடிப்பின் வெளியோரம் வரை சாய்வாக அறுக்க வேண்டும். தடிப்பைச் சேர்த்து மட்டமாய்ச் சீவினால் மரம் அழுகலைத் தடுக்கும் சுவரையே வெட்டிவிடுகிறோம். அடிக்கட்டை நீட்டிவிட்டால் அது காய்ந்து மக்கி உள்ளே வழிவிடும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்துத்தான் இதை நிறுவினார். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, காயம்பட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவிட்டு அதற்கு வெளியே புதுமரம் வளர்க்கிறது என்று அவர் 1977இல் எழுதினார். மேலும் கீழும் இருக்கிற சுவர் பலவீனம். காயம்பட்ட பிறகு வளரும் புதுச்சுற்று எழுப்பும் சுவர்தான் பலம். அந்தச் சுற்று வளர்வதற்கும் இலை வேண்டும்.

கனமான கொப்புக்கு மூன்று வெட்டு. தள்ளி, கீழ்ப்பக்கம் கால்வாசி ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழு வெட்டு. கொப்பு பட்டையை உரிக்காமல் முறிந்து கயிற்றில் தொங்கும், மெதுவாய் இறக்கலாம். மிச்சமிருக்கும் முண்டைத் தடிப்புக்கு வெளியே நிதானமாய் எடுக்கலாம். உயரத்தில் ஏறி அறுப்பது பழகியவர் வேலை. இடுப்புக்கட்டும் தலைக்கவசமும் இல்லாமல் யாரையும் ஏற்றக் கூடாது. மாம்பால் தோலில் பட்டால் புண்ணாக்கும், கண்ணில் தெறித்தால் பெரிய தொல்லை. முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் கையுறையும் போட்டுத்தான் ஏறினார்.

வெட்டுவாயில் தாரோ பெயிண்டோ பூசவில்லை. அவை அழுகலைத் தடுப்பதில்லை, உள்ளே ஈரத்தை அடைத்துவைக்கும். நுனிக்கருகல் இருந்த கிளைகளின் வெட்டுவாய்களில் மட்டும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சணக்கொல்லிப் பசை தடவினோம். புதிதாய் வெயில் படுகிற பெருங்கிளைகளின் முதுகில் நீர்த்த சுண்ணாம்பு அடித்தோம். இத்தனை காலம் நிழலில் இருந்த பட்டை திடீரென்று நடுப்பகல் வெயிலில் வெந்து வெடிக்கும், அங்கேதான் வண்டு முட்டையிடும்.

காய்ந்த கிளைகள் எல்லாவற்றையும் எடுக்கவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத பக்கத்தில் இரண்டைக் குட்டையாக்கி விட்டிருக்கிறோம். மரங்கொத்தியும் குக்குறுவானும் அங்கேதான் துளைபோடும்.

வேர்ப்பக்கம்

இந்த வேலைக்குக் கவாத்தைவிடப் பலன் அதிகம் என்பது என் அனுபவம். மரத்தைச் சுற்றி யாரோ எப்போதோ போட்டிருந்த சிமெண்ட் தளத்தை உடைத்து எடுத்தோம். உறிஞ்சும் வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணில், அரை மீட்டருக்குள்ளேயே இருக்கும், கிளை விரிந்த எல்லையைத் தாண்டியும் பரவியிருக்கும். அதனால் மண்வெட்டியால் கொத்தவில்லை. கடப்பாரையால் ஆங்காங்கே குழி குத்தி, மக்கிய தொழுவுரம் நிரப்பினோம். இலைதழையை நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காய்ப் பரப்பினோம். அடிமரத்தை ஒட்டி ஒரு முழம் காலியாக விட்டோம், இல்லாவிட்டால் பட்டை அழுகும், கரையானும் ஏறும். யூரியா ஒரு பிடிகூடப் போடவில்லை. வேரின் பலத்துக்கு மீறிய கொழுத்த துளிரை வரவைத்துப் பயனில்லை. கோடையில் மட்டும் கிளையின் எல்லைக்கடியில் நிதானமாய் நனைய நனையத் தண்ணீர்.

துளிர் வந்த பிறகு

சில வாரங்களில் பெருங்கிளைகளின் முதுகில் பட்டை பிளந்து ஊசிமுனை போல மொட்டுகள் எட்டிப்பார்த்தன. இலை விரியும்போது செம்புநிறத்தில் தளர்ந்து தொங்கும். பிறகு வெளிர்ப்பச்சை, கடைசியில் கரும்பச்சையாகி விறைக்கும். விறைக்கும் வரைக்கும் அது மரத்துக்குச் செலவு, அதன் பிறகுதான் வரவு. அதனால் ஒரு சுற்று இலை முற்றும் வரை ஒரு துளிரையும் கிள்ளவில்லை.

முற்றிய பிறகும் எல்லாவற்றையும் ஒரேயடியாய்க் கழிக்கவில்லை. கொத்தாய் வந்த இடத்தில் வெளிப்பக்கம் பார்த்த, அடி தடித்த நாலைந்தை வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று உரசுவதையும் உள்நோக்கி வளைவதையும் எடுத்தோம். அடுத்த பருவத்தில் அதிலும் கொஞ்சம். இந்தத் துளிர்கள் கிளையின் உள்கட்டையில் வேர்விட்டவை அல்ல, மேல்சுற்றில் ஒட்டியிருப்பவை. ஆண்டுக்காண்டு சுற்று ஏறி அடியை இறுக்கிப் பிடிக்கும் வரை காற்றில் பிய்ந்து விழும். நெருக்கமாய் இருந்தால் ஒன்றுக்கொன்று காற்றை மறைக்கும் என்பதாலும் நிதானம் நல்லது. அடிமரத்தில் வந்தவற்றைப் பலரும் திருட்டுக்கொப்பு என்று சீவுவார்கள். இளமரத்தில் அது சரி. மூத்த மரத்தில் அவற்றைத் தொடவே கூடாது, நாளைய தலை அங்கேயும் உருவாகலாம்.

இரண்டு எதிரிகள் வந்தன. ஒன்று இலைவெட்டி வண்டு. காலையில் தரையில் இளம் இலைகள் பச்சையாய் உதிர்ந்து கிடக்கும், எல்லாம் காம்புக்குச் சற்று மேலே குறுக்காக நேர்கோட்டில் வெட்டுப்பட்டிருக்கும். கிளையில் அரை அங்குலத் துண்டு மட்டும் நிற்கும். பெண்வண்டு நடுநரம்பில் முட்டையிட்டுவிட்டுத்தான் இலையை வெட்டிப் போடுகிறது. புழு விழுந்த இலைக்குள் வளர்ந்து மண்ணுக்குள் போகும். தினமும் கூட்டி அள்ளி எரித்ததில் அடுத்த கொழுந்துக்குத் தொல்லை குறைந்தது. மருந்து தேவைப்படவில்லை. இன்னொன்று தண்டுத் துளைப்பான் வண்டு. கவையின் இடுக்கில் மரத்தூளும் எச்சமும் கலந்து பிதுங்கியிருந்தால் உள்ளே புழு இருக்கிறது. துளையைச் சுரண்டித் திறந்து, வளையும் கம்பியை விட்டுத் துழாவிப் புழுவைக் குத்தி எடுத்து, களிமண்ணால் அடைத்தோம். வெட்டின மரத்தை இந்தத் துளைப்பான் வண்டு தேடி வரும், அதனால் கவாத்துக்குப் பிறகு முதல் ஆண்டு முழுக்க வாராவாரம் கவைகளைப் பார்த்தே ஆக வேண்டும்.

இப்போது நடுத்தலையில் புதுக்கொப்புகள் இரண்டு மூன்று கொழுந்துச் சுற்று தாண்டிவிட்டன. நுனிக்கருகல் வெட்டிய இடங்களில் திரும்ப இறங்கவில்லை. முதலில் குறைத்த கிளைகளின் சின்ன வெட்டுவாய்களைச் சுற்றிப் பட்டை உருண்டு திரண்டு பாதி மூடியிருக்கிறது. பூ குறைவாகத்தான் பூத்தது, மாம்பூ முற்றிய கொப்பின் நுனியில் பூப்பது என்பதால் அதை எதிர்பார்த்தேதான் இருந்தேன்.

மிச்சம் இருப்பது கிழக்குப் பக்கத்து நீளக்கிளை. அதன் நடுவில் வந்திருக்கும் துளிர்களில் ஒன்று கட்டைவிரல் கனம் ஆகியிருக்கிறது, பின்வாங்குவதற்கு இன்னும் போதாது. அதுவரை கவைக்கடியில் ஒரு முட்டுக்கழி நட்டு, கழி பட்டையில் அழுத்தாமல் இருக்கப் பழைய டயர்த்துண்டை இடையில் வைத்திருக்கிறோம். அடுத்த கொழுந்து முற்றியதும் நுனியில் இரண்டு சின்னக் கொப்பை எடுத்து வெளிச்சத்தை உள்ளே விடப்போகிறோம். பெரிய வெட்டு அந்தத் துளிர் தடித்த பிறகு.